பாலத்தின் இந்தப் பக்கம்

வேற்றுக்கிரகவாசிகள் பூமியைப் பிடித்து ஆளுகிற படமொன்று ரி.வி.யில் போனது. "அப்பா, இப்படி வந்தால் சனங்கள் என்ன செய்வினம்?" என்று மகன் கேட்டான்.

"கியூவில் நிற்பினம்" என்றேன். அவன் சிரித்தான். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

1987 ஒக்ரோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாண நகருக்குள் புகுந்த பிறகு நாங்கள் செய்தது அதுதான். ஊரடங்கு தளர்ந்த நேரத்தில் பாணுக்கு ஓடினோம். சென்றியில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டினோம். விளங்காத மொழியில் கேட்டவர்களுக்கு அடையாள அட்டையை நீட்டினோம்.

எச்.ஜி. வெல்ஸ் 1898இல் செவ்வாய்க்கிரகத்தவரின் படையெடுப்பை நாவலாக வெளியிட்டார். தாஸ்மேனியப் பழங்குடிகளை ஐரோப்பியர் அழித்ததை முதல் அத்தியாயத்திலேயே அவர் நினைவூட்டுகிறார். கப்பலில் வந்து இறங்கியவர்கள் தம் ஆட்கள்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

படம் பார்க்கையில் நாங்கள் எப்போதும் பூமிச் சனங்கள். லாசாலில் அது அவ்வளவு நிச்சயமில்லை. எங்கள் வீட்டிலிருந்து மெர்சியே பாலம் கிட்டத்தான். அக்கரையில் மொஹாக் மக்களின் கானவாகே. ஓக்காவில் தம் இனத்தவரின் மயானத்தை ஒட்டிய பைன் காட்டில் கோல்ஃப் மைதானத்தைப் பெருப்பிக்க முயன்றபோது, அதை எதிர்த்தவர்களுக்கு ஆதரவாக 1990 யூலையில் இவர்கள் பாலத்தை மறித்தார்கள். ஓகஸ்ட் 28இல், இராணுவம் புகுந்துவிடுமென்ற பயத்தில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் கார்களில் வெளியேறினார்கள். பாலத்தின் இந்தப் பக்கம், லாசாலில், ஒரு கூட்டம் அவர்கள்மேல் கல்லெறிந்தது. பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது.

கனடா எங்களுக்கு அடைக்கலம் தந்தது. அந்த நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் தந்தவர் கைக்கு இந்த நிலம் எப்படி வந்ததென்று நான் வருடக்கணக்காகக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு மகனைப் பாலத்தடிக்குக் கூட்டிப்போய் இதைச் சொல்லவேண்டும்.