எந்த எஞ்சின் தாத்தா?

ஏரோமாடலிங் என்ற பைத்தியம் எனக்குக் கல்லூரி நாளிலேயே பிடித்தது என்று முன்பொரு முறை எழுதியிருந்தேன். காலை நடையில் பார்க்கிற நண்பர் ஒருவர், "அதென்ன சார், பொம்மை விமானத்துக்கு எஞ்சினா?" என்று கேட்டார். நின்று பதில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் மனைவி இரண்டு சுற்று முடித்துவிட்டார், நான் முடிக்கவில்லை. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். இதில் நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. அதையும் எழுதினால்தான் கணக்கு சரியாகும்.

எங்கள் ஈக்காட்டுத்தாங்கலில் அண்ணாந்து பார்க்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. தாங்கல் என்றால் சின்ன ஏரி. இப்போது இங்கே ஏரியைத் தேடினால் மெட்ரோ ஸ்டேஷன்தான் கிடைக்கும். ஆனால் ஆகாயம் மட்டும் மாறவில்லை. மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருப்பதால் டகோட்டா, வைகவுண்ட், ஆவ்ரோ என்று சத்தத்தை வைத்தே பெயர் சொல்வோம். இன்று வருகிற ஏர்பஸ்களில் அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபடவில்லை. காதும் முன்போல் இல்லை.

என் பேரன் ஒன்பதாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் வேளச்சேரியிலிருந்து வருவான். நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாவதாக வந்ததே, அந்த வீடியோவை யாரோ அவனுக்குக் காட்டியிருக்கிறார்கள். அப்துல் கலாம் படித்த அதே எம்.ஐ.டி. என்று நான் என் பங்குக்குத் தூபம் போட்டேன். ஒரு நாள் நாலடி இறக்கை வைத்த விமானத்துக்குத் தெர்மகோல் மாதிரி ஒரு அட்டையில் வரைபடம் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"தாத்தா, இதுக்கு எந்த எஞ்சின் போடலாம்?"

இந்தக் கேள்விக்காக நான் ஐம்பது வருடமாகக் காத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பரணில் ஏறி (ஏறக்கூடாது என்று வீட்டில் தடை உத்தரவு) ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினேன். எண்ணெய்த் துணியில் சுற்றிய ஆரோரா 2.5 சி.சி. டீசல் எஞ்சின். கல்கத்தாவில் செய்தது. 1973-ல் என்.சி.சி. ஏர் விங்கில் எனக்கு சீனியராக இருந்தவரிடம் அறுபது ரூபாய்க்கு வாங்கினேன். அதற்காக ஐந்து மாதம் கேன்டீன் பக்கம் போகவில்லை.

டீசல் என்றதும் பங்க்கில் போடுகிற டீசலை நினைக்காதீர்கள். பங்கு சமமாக ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். அவ்வளவுதான் இதன் தீனி. மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடை, விளக்கெண்ணெய்க்கு நாட்டு மருந்துக்கடை, ஈதருக்குப் பாரிமுனையில் ஒரு கெமிக்கல் கடை. கலந்து வைத்தால் அறை முழுக்க ஆபரேஷன் தியேட்டர் வாசனை வரும். ஸ்பார்க் பிளக் கிடையாது, பேட்டரி கிடையாது. சிலிண்டர் தலையில் ஒரு திருகு இருக்கும். அதை இறுக்கினால் உள்ளே இருக்கிற இன்னொரு குட்டி பிஸ்டன் கீழே இறங்கி இடத்தைக் குறைக்கும். அழுத்தம் ஏறும், அழுத்தத்தில் சூடு ஏறும், ஈதர் தானே பற்றிக்கொள்ளும். 150 கிராம் எடைக்குள் இத்தனை சாமர்த்தியம். பிறகு முப்பத்து நாலு வருடம் லேத்திலும் கிரைண்டரிலும் நின்றவன் நான். ஒரு பிஸ்டனை சிலிண்டருக்குள் இவ்வளவு நெருக்கமாகப் பொருத்த எத்தனை ஜாபைக் குப்பையில் போட வேண்டும் என்று தெரியும். அந்தக் கல்கத்தா தொழிலாளிகளுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடாமல் அதைக் கையில் எடுத்ததில்லை.

ரேடியோ கண்ட்ரோல் எல்லாம் அன்று எங்களுக்கு எட்டாத உயரம். நாங்கள் ஓட்டியது கம்பியில். இரண்டு மெல்லிய எஃகுக் கம்பி, ஐம்பதடி நீளம், முனையில் கைப்பிடி. நடுவில் நாம் சுற்ற, விமானம் நம்மைச் சுற்றும். டேங்க் காலியாகும்வரை இறக்க முடியாது. இறங்கிய பிறகும் தலை சுற்றிக்கொண்டே இருக்கும்.

சரி, டின்னுக்கு வருவோம். விளக்கெண்ணெய் கோந்துபோல் இறுகி எஞ்சின் பூட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கொதிக்கிற தண்ணீரில் சூடு காட்டியதும் அசைந்தது. ஈதர் எப்படிக் கிடைத்தது என்பதை எழுத மாட்டேன். மொட்டை மாடியில் ஒரு பலகையில் வைஸைப் பொருத்தி, அதில் எஞ்சினை மாட்டி, 9 இன்ச் ப்ரொப்பெல்லரை வைத்து விரலால் சுண்டினேன். எனக்கு இரண்டு வருடமாக வலது கை நடுங்குகிறது. பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். டீ டம்ளர் அப்படிச் சொல்வதில்லை. பத்துப் பதினைந்து தடவை சுண்டியும் விரலில் வேகம் வரவில்லை.

பேரன், "நான் பண்றேன் தாத்தா" என்றான்.

ரப்பர் குழாய் மாட்டிய ஒரு குச்சியால் ப்ரொப்பெல்லரைத் தட்டிவிடுவதுதான் முறை. ஆங்கிலத்தில் அதற்குக் கோழைக் குச்சி என்கிற மாதிரி ஒரு கேலிப் பெயர். என்.சி.சி.யில் அதைத் தொட்டவனை ஒரு மாதம் கேலி செய்வோம். அந்தப் பழைய வீம்பு எழுபது வயதிலும் போகவில்லை. "விரல்லயே பண்ணுடா" என்றேன். எரிபொருள் அதிகம் போயிருந்தது, திருகையும் நான் இறுக்கி வைத்திருந்தேன். பிடித்துக்கொண்டது, ஆனால் எதிர்த்திசையில் உதைத்தது. பையனின் ஆள்காட்டி விரலில் நச்சென்று ஒரு அடி. அதன் பிறகு எஞ்சின் சரியான பக்கம் திரும்பி, ஒன்றுமே நடக்காததுபோல் நாற்பது விநாடி பாடியது. வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நாற்பது விநாடியில் முதல் இரண்டு மூன்று விநாடி நான் எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் என் மகள் அழைத்துப்போக வந்தபோது விரல் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. "மாடிக் கதவுல இடுக்கிக்கிட்டேம்மா" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. என் மனைவி என்னைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ராத்திரி எக்ஸ்ரேயில் மயிரிழை விரிசல் என்று தெரிந்தது. காலையில் நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடிபட்டது கூட போகட்டும்ப்பா. அவன் எங்கிட்ட பொய் சொல்றான், நீங்க கேட்டுக்கிட்டு நிக்கறீங்க" என்றாள். மூன்று ஞாயிறு பேரன் வரவில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான், அவன் கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது உறைத்தது. அவன் விமானத்துக்கு எஞ்சின் கேட்டான். நான் என் எஞ்சினுக்கு ஒரு விமானம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். காகிதமும் பென்சிலும் எடுத்து, புதிதாக ஒரு வாடிக்கையாளர் ஜாப் கொண்டுவந்தால் எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தேன்.

முதலில் எடை. ரைட் சகோதரர்கள் கேட்டபடி எஞ்சின் செய்து தர எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. அவர்கள் சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தார். சுமார் 12 குதிரைசக்தி. எடை குறைய வேண்டும் என்று அலுமினியத்தில் வார்த்தார்கள். விமானத்துக்கு இவ்வளவு எடை, அதைத் தூக்க இவ்வளவு சக்தி என்று கணக்குப் போட்ட பிறகுதான் அவர்கள் எஞ்சினுக்குப் போனார்கள். என் பேரனின் விமானம் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ.

அடுத்தது, வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா? என் ஆரோராவில் முடியாது. பிடித்தால் முழு வேகம், இல்லாவிட்டால் மௌனம். கம்பியில் சுற்ற அது போதும். ரேடியோவில் ஓட்டப் பழகுகிற பையனுக்கு அது சைக்கிள் கற்கிறவனை பிரேக் இல்லாத வண்டியில் ஏற்றுகிற மாதிரி. இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

க்ளோ எஞ்சின் என்று ஒரு ஜாதி உண்டு. ஜப்பானில் ஒசாகாவில் 1936-ல் தொடங்கிய ஓ.எஸ். கம்பெனியின் எஞ்சின்களை நாங்கள் பத்திரிகைப் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விடுவோம். 40 என்று எண் போட்டிருந்தால் 0.40 கன அங்குலம், அதாவது 6.5 சி.சி. ஐந்தடி இறக்கை விமானத்துக்கு அளவானது. த்ராட்டில் உண்டு. ஒன்றரை வோல்ட்டில் பிளக்கைச் சூடாக்கிக் கிளப்பிவிட்டால் பிளாட்டினக் கம்பி தானே கனன்றுகொண்டிருக்கும். ஆனால் அதன் எரிபொருள் மெத்தனால். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும், வேண்டியதுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இந்த மெத்தனால்தான். பேரப்பிள்ளைகள் வந்துபோகிற வீட்டில் அது ஒரு கேனில் இருக்க வேண்டாம் என்று முடிவு செய்ய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெட்ரோல் எஞ்சின் பெரிய விமானங்களுக்கானது. ஒரு கிலோ அட்டை விமானத்தில் அதை வைத்தால் எஞ்சின் விமானத்தைத் தூக்காது, விமானம்தான் எஞ்சினைச் சுமக்க வேண்டியிருக்கும்.

மிச்சம் மின்சார மோட்டார். மிக்ஸியில் இருக்கிற சமாச்சாரம் என்று அதுவரை இளக்காரமாகத்தான் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்ததில் கணக்கு அழகாக இருந்தது. பழகும் விமானத்துக்குக் கிலோவுக்கு 200 வாட் இருந்தால் தாராளம். மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 11.1 வோல்ட், 25 ஆம்பியர் இழுத்தால் சுமார் 277 வாட். மோட்டாரில் 1000 கே.வி. என்று போட்டிருந்தால் ஆயிரம் கிலோவோல்ட் இல்லை. ஒரு வோல்ட்டுக்கு, சுமையில்லாதபோது, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்று அர்த்தம். எண் பெரிதானால் சக்தி அதிகம் என்று கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். எண் குறைந்த மோட்டார் பெரிய ப்ரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றும், எண் கூடினது சின்ன ப்ரொப்பெல்லரை வேகமாகச் சுற்றும். பழகுகிறவனுக்கு நிதானமே சரி.

நான்காவது ஞாயிறு மகளே அவனைக் கொண்டுவந்து விட்டாள். "விரல் சரியாயிடுச்சு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. நானும் அவனும் ஆலந்தூரில் மெட்ரோ மாறி, கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி, முதல் நாளே போனில் சொல்லி வைத்திருந்த ரிச்சி தெருக் கடைக்குப் போனோம். மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, 2200 எம்.ஏ.எச். பேட்டரி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். கடைக்காரப் பையன் என்னிடம் விளக்க ஆரம்பித்தான். என் பேரன்தான் பதில் சொன்னான்.

மோட்டார் சாது என்று நினைக்க வேண்டாம். எஞ்சின் உதைப்பதற்கு முன் நாம்தான் அதைச் சீண்ட வேண்டும். இது சத்தமில்லாமல் மேஜைமேல் கிடக்கும், பேட்டரியைச் செருகி ஒரு விரல் தவறாகப் பட்டால் முழு வேகத்தில் சுற்றிவிடும். வீட்டில் சோதிக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும், எப்போதும். லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் தூக்கி வைக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அடியில் பேரன், 'அம்மாவிடம் உண்மை சொல்லவும்' என்று ஒரு வரி சேர்த்தான். யாருக்கு என்று எழுதவில்லை.

பறக்கவிட ஈக்காட்டுத்தாங்கலில் வழியில்லை. மீனம்பாக்கத்தைச் சுற்றி அனுமதி கேட்க வேண்டிய மண்டலம் என்று 2021 ட்ரோன் விதிகள் சொல்கின்றன. அந்த விதி இருக்கத்தான் வேண்டும், நம் தலைக்கு மேல் போகிறவர்கள் பத்திரமாக இறங்க வேண்டாமா? எனவே செங்கல்பட்டைத் தாண்டி ஒரு வறண்ட ஏரிக்கு மகளின் காரில் போனோம். நான் விமானத்தைக் கையில் எடுத்தேன். எறியும்போது இறக்கை சமமாக இருக்க வேண்டும், என் கையில் அது பட்டம் மாதிரி ஆடியது.

"குடுங்கப்பா, நான் எறியறேன்" என்று வாங்கிக்கொண்டாள். காற்றுக்கு எதிராக நில், மேலே எறியாதே, நேராகத் தள்ளு என்றேன். பேரன் த்ராட்டிலை ஏற்றினான். அவள் நாலடி ஓடித் தள்ளிவிட்டாள். ஒரு கணம் கீழே இறங்கி, பிறகு மேலேறிவிட்டது. ஒரு மெல்லிய ரீங்காரம், அவ்வளவுதான்.

"சத்தமே இல்லையேப்பா" என்றாள்.

கடிகாரத்தில் ஆறு நிமிடம் வைத்திருந்தோம். நாலாவது நிமிடமே கருவேல முள்ளில் இறங்கிவிட்டது. இடது இறக்கையில் இரண்டு ஓட்டை, செல்லோடேப் போட்டாயிற்று. ரேடியோ எது வாங்கினோம், அதில் என்ன வம்பு என்பதை அடுத்த முறை எழுதுகிறேன்.