கொக்கி போட்ட கை

எங்கள் வீட்டில் கொசுவத்தி கொளுத்தி ஒன்பது வருடம் ஆகிறது. எர்ணாவூர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். பக்கிங்ஹாம் கால்வாய்ப் பக்கம் பொழுது சாய்ந்தால் கொசு ஆளையே தூக்கிவிடும். கட்டிலுக்கு வலை கட்டிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை என் மனைவி மொட்டைமாடியோடு நிறுத்திக்கொண்டாள். மிளகாய் தாளிக்கிற நாளில் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். நான்ஸ்டிக் தவா வீட்டை விட்டுப் போய், பழைய இரும்புத் தோசைக்கல் திரும்பி வந்தது. எல்லாம் தலைக்குத் தொண்ணூறு கிராம் எடையுள்ள இரண்டு ஜீவன்களுக்காக.

காக்டெயில் என்று கடையில் சொல்வார்கள். ஆஸ்திரேலியக் கிளியினம். தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. மருமகன் பேத்திக்காக வாங்கியவை. 2016இல் அவர்கள் துபாய்க்குக் கிளம்பியபோது கூண்டு எங்களிடம் வந்தது. ஆண் பெயர் பட்டாணி, பெட்டை பெயர் முத்து. பட்டாணி விசிலடிப்பான். குக்கர் சத்தம், தெருவில் போகும் பால்காரர் வண்டியின் ஹாரன், என் செல்போன் மணி, மூன்றும் அவனுக்கு அத்துப்படி. முத்து பேசமாட்டாள். என் தோளில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

முதல் வருடம் நான் நிறையத் தப்பு செய்தேன். கம்பிவலைக் கூண்டு ஒன்றை மலிவாக வாங்கினேன். உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் பூச்சு உரிந்தது. அந்தத் துத்தநாகப் பூச்சைக் கொறித்தால் பறவைக்கு விஷம் என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் துருப்பிடிக்காத எஃகுக் கூண்டுக்கு மாறினோம். சுண்ணாம்புச் சத்துக்குக் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த கடல்நுரை, எர்ணாவூர்க் குப்பத்துக் கரையில் நடந்தாலே கிடைக்கும் கணவாய் ஓடுதான் என்பதும் தாமதமாகத்தான் உறைத்தது. அதை வேகவைத்து, வெயிலில் காயவைத்துக் கூண்டில் செருகுவேன். தினை, கம்பு, முருங்கைக்கீரை, கொத்தமல்லித்தழை. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறைத் தராசில் இருவரையும் நிறுப்பது வழக்கம். கிளி தன் நோயை மறைத்து வைத்துக்கொள்ளும்; காட்டில் பலவீனம் தெரிந்தால் பிழைக்க முடியாது. சிறகை உப்பிக்கொண்டு ஒதுங்கினாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஆடினாலோ நோய் ஏற்கெனவே முற்றியிருக்கும். எடைதான் முன்னாலேயே சொல்லும்.

மூச்சு என்றேன். அதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நமக்கு நுரையீரல் விரிந்து சுருங்கும். பறவைக்கு அது விரிவதில்லை. உடம்பெங்கும் பரவிய ஒன்பது காற்றுப்பைகள் கொல்லன் துருத்தி மாதிரி வேலை செய்து, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்றை நுரையீரல் வழியாக ஓட்டிக்கொண்டே இருக்கும். வானத்தில் பறப்பதற்கான ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டாலேயே காற்றில் கலந்த நஞ்சும் நம்மைவிட வேகமாக அதற்குள் இறங்கிவிடுகிறது. பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிக் குருவிகளைக் கூண்டோடு கீழே கொண்டுபோனார்கள். குருவி சாய்ந்தால் மனிதன் மேலே ஓடிவருவான். 1986இல் கருவிகள் வரும்வரை அந்த வழக்கம் இருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியாத வயதில் எங்கள் வீட்டில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. அப்பா விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஒரு சம்பள நாளில் மூர்மார்க்கெட் போய் வாங்கி வந்தார். சிறகு வெட்டிய கிளி, கழுத்தில் சிவப்பு வளையம். வாசல் நிலையில் ஆணி அடித்துக் கூண்டை மாட்டினோம். கோவைப்பழமும் பச்சைமிளகாயும் நான்தான் கொடுப்பேன். இரவில் கூண்டுக் கதவுக்குக் கொக்கி போடுவதும் நான்தான்.

1963 போகி. எனக்குப் பதினொரு வயது. விடிவதற்கு முன்பே தெருவில் பாய், துடைப்பம், சைக்கிள் டயர் எல்லாம் எரிந்தது. புகை தாங்காமல் அம்மா எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். உள்ளே எல்லோரும் இருந்தோம். பொங்கல் பானைக்குக் கோலம் போட்டோம், கரும்பு பங்கு பிரித்தோம். வெயில் ஏறிய பிறகு கதவைத் திறந்தபோது கிளி கூண்டின் அடித்தட்டில் கிடந்தது. தெருவில் நின்ற தூங்குமூஞ்சி மரத்துக் காகங்களெல்லாம் எங்கோ பறந்துவிட்டிருந்தன. கொக்கி போட்டபடியே இருந்தது.

யாரும் யாரையும் திட்டவில்லை. அப்பா மட்டும் அந்த ஆணியைப் பிடுங்கினார். அம்மா மறந்தாள், நானும் மறந்தேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். இன்று அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. காகத்துக்கு நாம் காற்று கொடுக்க வேண்டியதில்லை, அது தன் காற்றைத் தேடிப் போய்விடும். கொக்கி போட்டுவிட்டால் அந்த உயிர் எதைச் சுவாசிக்கிறது என்பது நம் கணக்கு.

பச்சைக்கிளி வளர்ப்பது இப்போது குற்றம். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. நல்ல சட்டம் அது. ஆசை என்று சொல்லி இன்றும் கூண்டில் அடைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தப் போகிக் காலை ஞாபகம் வருகிறது. மக்காவ், சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். பச்சைக்கிளி மேல் ஆசை இருந்தால் ராயப்பேட்டை ஜோசப் சேகர் காட்டிய வழி இருக்கிறது. கேமரா பழுதுபார்ப்பவர். 2004 சுனாமி சமயத்தில் தன் மாடிக்கு வந்த கிளிகளுக்கு அரிசி ஊறவைத்துப் போட ஆரம்பித்தார். பின்னால் ஆயிரக்கணக்கில் வந்தன. தின்றன, பறந்தன. அவர் வீட்டில் கொக்கியே கிடையாது. என் பட்டாணியும் முத்துவும் கூண்டில் பொரிந்தவை. இந்த ஊரில் வெளியே விட்டால் காகம் ஒரு பகல் தாங்கவிடாது. அதனால்தான் கொக்கியோடு வாழ்கிறேன்.

2023 டிசம்பர் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மறக்காது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லாத இரவில் இருட்டுக்குப் பயந்து முத்து கூண்டுக்குள் அடித்துக்கொண்டு இறக்கையில் ரத்தம் வந்துவிட்டது. இந்த இனத்துக்கு இரவுப் பயம் உண்டு, சின்ன விளக்காவது எரியவேண்டும். புயல் வடிந்ததும் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் மிதந்தது. முகத்துவாரத்தில் கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிய இறக்கையோடு நின்றன. அதன்பின் 26ஆம் தேதி வந்தது. அன்று காலையில்தான் சுனாமியில் போனவர்களுக்காகக் கடலில் பால் ஊற்றினார்கள். அன்றிரவு பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது.

எங்கள் தெருவில் முதலில் வந்தது சத்தம். விரைவுச் சாலைப் பக்கம் வண்டிகள், ஆட்டோக்கள், முகத்தில் ஈரத்துணி கட்டிய பெண்கள். பிறகு மெல்ல மூக்கைக் குத்தும் நெடி. மனைவி மாத்திரை டப்பாவையும் ரேஷன் கார்டையும் எடுத்தாள். நான் துண்டை நனைத்துக் கூண்டின் மேல் போட்டுத் தூக்கினேன். ஆட்டோவில் ஏற்கெனவே ஐந்து பேர். ஒரு பையன் கத்தினான்: "இன்னா பெருசு, உசுரு போற நேரத்துல கூண்டு தூக்கினு வர்ற?"

"நான்தாம்பா கொக்கி போட்டேன்" என்றேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, நகர்ந்து இடம் விட்டான். கூண்டை மடியில் வைத்துக்கொண்டான்.

திருவொற்றியூர் தேரடியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். மார்கழிப் பனி. மனைவி தன் சால்வையைக் கூண்டுக்குப் போர்த்தினாள். உள்ளே பட்டாணியும் முத்துவும் ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாக இருந்தார்கள். அந்தப் பையன் அடிக்கடி துணியைத் தூக்கி, செல்போன் வெளிச்சத்தில் வால் ஆடுகிறதா என்று பார்த்தான். நான்தான் அதைக் கவனிக்கச் சொல்லியிருந்தேன். ஐந்தரை மணிக்குக் கோயில் மணி அடித்ததும் பட்டாணி குக்கர் விசில் போட்டான். பக்கத்தில் தூங்காமல் கிடந்த ஒரு பாட்டி சிரித்துவிட்டாள். அந்த இரவில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

எனக்கு எழுபத்துமூன்று முடிந்துவிட்டது. இந்த இனம் இருபது வயதுவரைகூட இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்களுக்கு முன்னால் நான் போகலாம். பறவை வாங்க வருகிறவர்களிடம் கடைக்காரர் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. நான் தாமதமாகக் கேட்டுக்கொண்டேன்.

அந்த ஆட்டோப் பையன் இப்போது துறைமுகத்தில் கன்டெய்னர் லாரிக்குக் கிளீனராகப் போகிறான். ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் வந்துவிடுகிறான். தராசில் நிறுத்து நோட்டில் எழுதுவது அவன் வேலை. கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை தொங்குகிறது: ஒரு வாரத்துக்குத் தினை, தண்ணீர் பாட்டில், இரண்டு துண்டு, மருத்துவர் எண் எழுதிய அட்டை. போன ஞாயிறு விளக்கை அணைத்துவிட்டு, கண்ணால் பார்க்காமல் கொக்கியிலிருந்து கூண்டைக் கழற்றி வாசலுக்குப் போய்க் காட்டு என்றேன். முதல் தடவை ஸ்டூலில் இடித்துக்கொண்டான். இரண்டாம் தடவை சரியாகப் போனான். ஸ்டூலை நான் வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டேன்.