நான்கு வரிகள்

நம் சங்க மலரின் பழைய இதழ்களைப் படமெடுத்து மேகக் கணினியில் ஏற்றியிருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். ஏற்றுவது எளிதாகவே முடிந்தது. பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் கீழே நம் சங்கத்தின் பெயரைச் சொல்லி அழைத்தால் அங்கே கொண்டுபோய் விடவேண்டுமே, அதுதான் பெரும்பாடாயிற்று.

பெயரைச் சொன்னால் வழி காட்டும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். அதற்கு முன்பெல்லாம், அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையம் ஒரே கோப்பில் வலையிலுள்ள எல்லாக் கணினிகளின் பெயரையும் எண்ணையும் எழுதி வைத்திருந்தது. மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். வலை பெருகவே அது கட்டுக்கடங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் புதுமுறை வகுத்தார். பெயர்களை மண்டலங்களாக்கி, அதிகாரத்தைப் பிரித்துக் கொடுப்பதே அதன் உயிர்நிலை. மாமியார் கொத்துச்சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு, உக்கிராண அறைச் சாவியை மட்டும் மருமகளிடம் கொடுப்பதில்லையா? அப்படித்தான்.

முதலில் நாங்கள் சாவி கேட்கவில்லை. முகவரி மாறும்போதெல்லாம் கணினி அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினோம். மேகத்தில் முகவரி அடிக்கடி மாறும், விண்ணப்பமோ அசையாது! கடைசியில், எங்கள் பகுதியை எங்களிடமே விட்டுவிடுங்கள் என்று கேட்டோம். மேகக் கம்பெனியில் சங்கத்தின் பெயருக்குத் தனி மண்டலம் திறந்தோம். கம்பெனி நான்கு நேம் சர்வர்களின் பெயரைத் தந்தது. அவற்றைப் பல்கலைக்கழகம் தன் மண்டலத்தில் என்.எஸ். பதிவுகளாக நான்கு வரிகளில் எழுதிக்கொண்டது. அவ்வளவே. நம் பெயரை யார் கேட்டாலும், 'அந்த நால்வரிடம் கேள்' என்று அது கைகாட்டிவிடும்.

அந்த நான்கு வரிகளைப் பற்றித்தான் இப்போது என் கவலையெல்லாம். வருகிற மே மாதம் நான் பட்டம் பெற்றுப் போகிறேன். கம்பெனிக்குப் பணம் கட்டாமல் நம் மண்டலம் மூடப்பட்டாலும், பல்கலைக்கழகத்தில் அவ்வரிகள் அழியா. யாரோ ஒருவன் அதே கம்பெனியில் அதே பெயரில் மண்டலம் திறந்து, பழைய நால்வரில் ஒருவர் அவனுக்கு வாய்த்துவிட்டால், நம் பெயரில் அவன் கடை விரிப்பான். மூடுவதானால் முதலில் அலுவலகத்தில் சொல்லி வரிகளை அழிக்கவேண்டும். பிறகு, பிற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் காலம் கழியவிட்டு மண்டலத்தை மூடவேண்டும். மீண்டும் திறந்தால் பெரும்பாலும் வேறு நால்வரே கிடைப்பர். அவர்களை எழுதச் சொல்லவேண்டும்.

இதைக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு செயலாளராக நிற்க விரும்புவோர் தேர்தலுக்கு முன் ஒருநாள் மாலை என் விடுதி அறைக்கு வரலாம். அரைமணி போதும், காப்பியும் உண்டு.