நெடுந்தீவுக் குதிரைகள்

லிங்கநகரிலிருந்து யாழ்ப்பாணம் போய், புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு பஸ். பிறகு ஒரு மணித்தியாலக் கடற்பயணம். நெடுந்தீவுக்கு நாங்கள் பெண்கள் சிலர் குதிரை பார்க்கத்தான் போனோம்.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே குதிரை வளர்த்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அதைத் தொடர்ந்தார். லாயத்தின் கல்தூண்கள் இன்றும் வெயிலில் நிற்கின்றன. வளர்த்தவர்கள் போன பிறகு குதிரைகள் கட்டாக்காலியாகப் பெருகின. சேணமும் இல்லை, கடிவாளமும் இல்லை.

கூட வந்த தங்கச்சி ஒருத்தி பிஸ்கற் பைக்கற்றைப் பிரித்தாள். திருகோணமலையில் தெருவில் திரியும் மான்களுக்குக் கொடுத்துப் பழகிய கை. "வேண்டாம் பிள்ளை" என்று தீவுக்காரப் பெரியவர் ஒருவர் தடுத்தார். குதிரைக்கு வாந்தி எடுக்க ஏலாது. ஒவ்வாதது போனால் வயிற்றுவலியில் உருண்டு செத்தும் போகும். நேர் பின்னால் அதற்குக் கண் தெரியாது. குரல் கொடுத்தபடி தோள் பக்கமாகத்தான் கிட்டப் போகவேண்டும். சத்தத்துக்கு வெருளும் பிராணி, எங்களைப் போல.

கோடையில்தான் பெரும்பாடு. ஒரு குதிரைக்கு நாளுக்கு 20 லீற்றர் அளவில் தண்ணீர் வேண்டும். தீவில் மனிதருக்கே நல்ல தண்ணீர் தட்டுப்பாடு. கடும் வரட்சியில் குதிரைகள் செத்திருக்கின்றன. குடத்தோடு நடக்கும் பெண்களிடம் குதிரைக்கும் தொட்டி கட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நுவரெலியாவில் மட்டக்குதிரையில் பிள்ளைகளை ஏற்றி உழைக்கிறார்கள். இங்கே சவாரி வேண்டாம். குளம்பு பார்க்கவும் காயத்துக்கு மருந்து கட்டவும் தீவுப் பெண்களைப் பழக்கினால், வருகிறவர்களுக்கு அதைக் காட்டிக் கட்டணம் வாங்கலாம். தொட்டிக்கும் காசு வரும்.

இறங்குதுறைக்குத் திரும்பும்போது பெரியவரிடம் சொன்னேன்.

"அதுவரைக்கும் தண்ணி ஆர் அள்ளுறது, பிள்ளை?" என்று கேட்டார்.