வாசலில் ஒரு வேப்பங்கொத்து

திருச்சுழிக்குத் தெற்கே, கருவேலங்காட்டுக்கும் வறண்ட கண்மாய்க்கும் நடுவிலிருந்த ஒரு சிற்றூரில் என் அப்பத்தாவின் வீடு இருந்தது. ஏழாவது வயதில் அங்கே எனக்கு அம்மை கண்டது. மணல்வாரி என்றார்கள், மருத்துவர்கள் தட்டம்மை என்று சொல்வது அதைத்தான். அப்பத்தா முதலில் செய்த காரியம், தெருவாசல் நிலையில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகியது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டு மதினியைத் தெருவிலேயே நிறுத்தினாள். "உள்ள வராத ஆத்தா, பச்சப்புள்ளய வச்சிருக்க. இவளுக்குத் தண்ணி ஊத்துன பெறகு வா" என்று அவள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

அந்த வேப்பங்கொத்தைப் புனிதப்படுத்துவது என் நோக்கமன்று. அதே கொத்துதான் மருத்துவரையும் பல வீடுகளுக்குள் வரவிடாமல் நிறுத்தியது. அம்மைக்குப் பின் சளி நெஞ்சில் கட்டி இறந்த குழந்தைகளும், கண் பார்வை இழந்த குழந்தைகளும் நம் ஊர்களில் உண்டு. இன்று அடுத்தடுத்த இரண்டு நாட்கள் கொடுக்கப்படும் வைட்டமின் ஏ அவர்களில் சிலரையேனும் காத்திருக்கும். ஆயினும் அப்பத்தாவுக்கு ஒன்று தெரிந்திருந்தது: நோயுள்ள இடத்தை வாசலிலேயே அறிவிக்க வேண்டும், பச்சைக் குழந்தை அந்த வாசலைத் தாண்டக் கூடாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவளுக்குத் தெரிந்திருந்த இது, 2011இல் எனக்குத் தெரியாமற் போயிற்று.

அவ்வாண்டு பங்குனியில் என் மகனுக்குக் காய்ச்சல். ஆறு வயது. மூக்கொழுகல், விடாத இருமல், வெயிலைப் பார்க்க முடியாதபடி சிவந்த கண்கள். அருப்புக்கோட்டையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு, தகரக் கூரையிட்ட ஒரே கூடத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தோம். பக்கத்தில் ஓர் இளம்பெண், மடியில் குழந்தை. "ஏழு மாசங்க்கா" என்றாள். சாயம் போன சேலை, தலையில் ஒரு முழம் மல்லிகை. திருச்சுழி பேருந்தைப் பிடிக்க வேண்டுமென்று அடிக்கடி மணி கேட்டாள். குழந்தை என் மகனின் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவனும் குனிந்து அதற்கு விளையாட்டுக் காட்டினான். இருமிக்கொண்டேதான் காட்டினான். எனக்கு அது அழகான காட்சியாகவே பட்டது.

மறுநாள் காலை அவன் காதுக்குப் பின்னாலிருந்து முகத்துக்குப் பொரி பரவியது. வேறொரு மருத்துவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தட்டம்மை என்றார். ஒன்பதாம் மாத ஊசி போட்டிருக்கிறதே என்றேன். ஒரு தவணை எல்லோரையும் காப்பதில்லை என்றார். இரண்டாம் தவணை நம் நாட்டுத் திட்டத்தில் சேர்ந்ததே 2010இல்தான். என் மகன் அந்த வயதைக் கடந்திருந்தான். பிறகு, "பொரி தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே இது பிறருக்குத் தொற்றும். நேற்று எங்கெங்கே போனீர்கள்?" என்று கேட்டார்.

அந்த மடிக்குழந்தை நினைவுக்கு வந்தது. ஒன்பது மாதம் நிறையாததால் அதற்குத் தடுப்பூசி போட்டிருக்க முடியாது. தொற்று நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் என்றால், ஆறு மாதம் கடந்த குழந்தைக்கும் தடுப்பூசி போட்டுப் பார்க்கலாம். ஆறு நாட்களுக்குள் என்றால் நோய் எதிர்ப்புப் புரதத்தை ஊசியாக ஏற்றும் வழியும் உண்டு என்றார் மருத்துவர். அன்று மாலையே முதல் மருத்துவமனைக்கு ஓடினேன். சீட்டுக் கொடுக்குமிடத்திலிருந்தவர் பொறுமையாகவே கேட்டார். "நேத்து எரநூறு பேர் வந்திருப்பாங்க டீச்சர், யாரைன்னு தேடுறது?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்படித் தேடும் வழக்கம் அங்கே இருக்கவில்லை.

தட்டம்மையைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். 1981இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு குழந்தை மருத்துவரின் இடத்துக்கு, பொரி கண்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருமிக்கொண்டே வந்தான். இருந்தது ஒரு மணி நேரம், பெரும்பாலும் ஒரே அறையில். அங்கே ஏழு பேருக்குத் தொற்றியது. அவர்களில் மூவர் அவன் இருந்த அறைக்குள் கால் வைத்ததேயில்லை. ஒரு குழந்தை வந்து சேர்ந்ததோ அவன் போய் ஒரு மணி நேரம் கழித்து. இந்தக் கிருமி காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்கும். எதிர்ப்புச் சக்தியில்லாத பத்துப் பேர் அருகிலிருந்தால் ஒன்பது பேரைப் பற்றக்கூடியது. நம் ஓ.பி. கூடங்களை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

தமிழ் படித்தவள் என்பதால் 'புறநோயாளி' என்ற சொல்லில் மனம் நின்றுவிடுகிறது. புறத்தே இருக்க வேண்டியவரைக் கூடத்தின் நடுவில் அமர்த்திவிட்டு அப்பெயரால் அழைக்கிறோம். இதை மாற்றப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. சீட்டுக் கொடுக்குமிடத்துக்கு முன்னாலேயே ஒருவர் நின்று, "காய்ச்சலோடு பொரி உண்டா? இருமலும் கண்சிவப்பும் உண்டா? வீட்டிலோ தெருவிலோ யாருக்கேனும் அம்மையா?" என்று கேட்கலாம். உண்டென்றால் முகக்கவசம் கொடுத்து, கூடத்துக்குள் விடாமல், பக்கவாட்டு வழியாகத் தனியறைக்கு அனுப்பலாம். அறை இல்லாத இடத்தில் வெளியே, மற்றவர்களுக்கு எட்டத்தில், ஒரு மரத்தடி போதும். அவர்கள் போன பின் அந்த அறையைக் கதவடைத்து இரண்டு மணி நேரம் விட்டுவைக்கலாம். ஊழியர் அனைவரும் இரண்டு தவணை ஊசி போட்டவர்கள்தாமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். அன்றைய கூடத்தில் யார் யார் எந்த நேரத்தில் இருந்தார்கள் என்பதைத் தொலைபேசி எண்ணோடு குறித்து வைக்கலாம். சந்தேகம் எழுந்த அன்றே சுகாதாரத் துறைக்குச் சொல்லிவிடலாம்.

2020இல் இவற்றிற் பலவற்றை நாம் செய்தோம். வாசலில் கேள்வி கேட்டோம், காய்ச்சலுக்குத் தனி வரிசை வைத்தோம். அச்சம் தணிந்ததும் அந்த நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டோம். ஊசிதான் இருக்கிறதே என்பது சமாதானமாகாது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர்ப் பகுதியில் தட்டம்மை பரவியபோது, அவ்வூர்களில் ஒரு தவணை ஊசி பெரும்பாலோர்க்குப் போடப்பட்டேயிருந்தது. 2017இல் தமிழகத்தில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தது. வதந்திகளுக்கு அஞ்சிப் பிள்ளைகளை அனுப்பாத பெற்றோரும் இருந்தார்கள். 2022இன் இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். ஊசி போடும் வயதை எட்டாத குழந்தை எந்த ஊரிலும் எந்த நாளும் இருக்கும். அதற்கு மற்றவர்களின் ஊசியும் அந்த வாசலும்தான் காவல்.

என் மகன் பத்து நாளில் தேறினான். இப்போது என்னைவிட உயரம். திருச்சுழிப் பேருந்தில் போகும்போதெல்லாம் பள்ளிச் சீருடையில் ஏறும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அந்தக் குழந்தைக்கும் இன்று அந்த வயதுதான் இருக்கும். அது ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை. அதன் பெயர் அன்றைய ஓ.பி. பதிவேட்டில் ஏதோ ஒரு வரியில் இருந்தது. அதைத் தேடி எடுக்க எங்களுக்கு இரண்டு நாட்கள் மிச்சமிருந்தன.