மகன் காட்டிய பக்தாத்

திரை விளையாட்டு யாவும் வீண் என்பார் நம்மிடையே பலர். பழனி மலைத்தொடரின் மேல், கொடைக்கானலில், மூடுபனி வெளியே விடாத விடுமுறை நாள்களில், கல்லூரியில் பயிலும் மகனோடு அமர்ந்து சிலவற்றை நாமே ஆடிப் பார்த்தோம்.

1984இல் சோவியத் ரஷ்யாவில் அலெக்ஸி பஜித்னோவ் ஆக்கிய டெட்ரிஸில், நிரம்பிய வரிசை மறைந்துவிடப் பிழைகளே குவிகின்றன, நல்ல பாடம். 2023இல் வெளியான 'அசாசின்ஸ் கிரீட் மிராஜ்' ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதைக் காட்டுகிறது. மாந்தர் அரபியிலேயே உரையாடக் கேட்டுப் பூரித்தோம். ஆனால், பைத்துல் ஹிக்மா விளங்கிய அந்நகரில் நாயகன் திரிவது நூலோடன்று, கத்தியோடு!

அங்கே ஆய்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரே 'அல்காரிதம்' ஆயிற்று. அம்முறையின்றி எவ்விளையாட்டும் இயங்காது என்றோம். மகன் ஆட்டத்தை நிறுத்தி, "அவர் என்ன எழுதினார், அத்தா?" என்றான். பிள்ளையின் கையிலிருந்து பறிப்பதற்கு முன், பெற்றோர் ஒருநாள் பக்கத்தில் அமர்ந்து பார்க்கட்டும்.