கல்லுக்கும் விலாசம் உண்டு

பாறையைப் பார்க்க எவ்வளவு தூரம் போவீர்கள்? என் கல்லூரித் தோழன் ரியாத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் காரோட்டிக்கொண்டு போயிருக்கிறான். சவூதியின் வடமேற்கே அல்-உலா பாலைவனத்தில் யானை தும்பிக்கையை ஊன்றி நிற்பதுபோல ஒரு பாறை. மணற்கல்லைக் காற்றும் மழையும் அரித்து அரித்தே உண்டான யானை. செல்போனில் படம் படமாகக் காட்டிவிட்டு, ‘‘நம்ம ஊர்ல இந்த மாதிரி ஏதாவது இருக்காடா?’’ என்று கேட்டான் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏனென்றால், அவன் சொந்த ஊர் திருவள்ளூருக்குப் பக்கத்தில் திருப்பாச்சூர். இருபது வருஷமாக வெளிநாட்டுச் சம்பளம். இந்தத் தடவை வந்ததே, அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கரை மனை போடுகிறவர்களுக்குக் கிரயம் பண்ணத்தான்.

‘‘கிளம்புடா’’ என்றேன்.

திருவள்ளூரிலேயே அவனுக்குத் திசை தப்பிவிட்டது. தப்பாமல் என்ன செய்யும்? 1997-இல்தான் இது மாவட்டத் தலைநகர். நாங்கள் பி.காம். சேர்ந்த 1998-இல் இங்கே லான்ஸர் கார் தயாராக ஆரம்பித்தது. லான்ஸர் போய், 2021-இல் அதே ஆலையிலிருந்து சிட்ரோன் வந்துவிட்டது. கார் கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், பெட்டிக்கடையும் புளியமரமும் எம்மாத்திரம்!

திருப்பாச்சூரில், ‘‘எங்க தெரு எதுடா?’’ என்று என்னையே கேட்டான். கடைசியில் வாசீஸ்வரர் கோயில் கோபுரத்தை வைத்துத்தான் வழி கண்டுபிடித்தான். பாசு என்றால் மூங்கில். மூங்கில் காட்டுக்குள் வாச்சி பட்டு வெளிப்பட்ட லிங்கம் என்கிறது தலபுராணம். அப்பரும் சம்பந்தரும் பாடிய ஊர்.

அங்கிருந்து பூண்டி ஏரியைத் தாண்டி, குடியம். வண்டியை நிறுத்திவிட்டு முள்காட்டு ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். மூச்சு வாங்கியது. ஒரு திருப்பத்தில் சட்டென்று எதிரே நிற்கிறது பாறை. ஒரு கல்யாண மண்டபமே அடங்கும்போல மேலே கவிந்த கூரை, அதில் தேன்கூடுகள், கீழே ஒரு அம்மன். பாறை முழுக்கக் கூழாங்கல், வெல்லப் பாகில் கடலை பதித்த மாதிரி. டைனோசர் காலத்து வெள்ளம் உருட்டிக்கொண்டுவந்த கற்கள்.

நண்பன் போனை எடுக்கவே மறந்து நின்றான்.

இந்தக் கல்லைத் தேடித்தான் ஆதிமனிதன் இங்கே வந்தான். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். 1999-லிருந்து சாந்தி பப்புவின் குழு அங்கே அகழ்ந்து, 2011-இல் வயதை அறிவித்தது: சுமார் 15 லட்சம் வருஷம்! நம்மைப் போன்ற மனுஷனே பிறக்காத காலம். கச்சாப் பொருள் கிடைக்கும் இடத்தில் பட்டறை. எங்கள் பி.காம். பாடம் அப்போதே நடைமுறையில் இருந்திருக்கிறது. சிப்காட்டுக்கும் சிட்கோவுக்கும் முன்னோடி இதுதான் ஐயா!

‘‘கல்லுக்கு எப்படிடா வயசு பார்க்கிறாங்க?’’

மண்ணடுக்கில் பதிந்திருக்கும் காந்தத் திசையை அளக்கிறார்கள். கல் எத்தனை காலம் புதைந்து கிடந்தது என்பதையும் அளக்கிறார்கள். அதனால் அது கிடந்த இடம் முக்கியம். அதே கோடரியை லாரியில் அள்ளிக்கொண்டுபோய் மனைக்கு நிரவிவிட்டால்? கல் இருக்கும். ஆனால் விலாசம் போய்விடும். வெறும் சரளை.

அவன் பேசாமல் இருந்தான். ரியாத்தில் இருக்கும் மகளுக்காக ஒரு கூழாங்கல்லைப் பையில் போட்டிருந்தான் போலிருக்கிறது. அதை எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

நிலத்தை விற்றானா என்று கேட்கிறீர்களா? விற்றான். மகள் படிப்புக்குப் பணம் வேண்டுமே. ஆனால், கிணறு இருக்கும் பத்து சென்ட்டை மட்டும் கொடுக்கவில்லை. மனைக்காரர்கள் விலையை ஏற்றிப் பார்த்தும் மசியவில்லை. ‘‘அவ வந்து கேட்டா, தாத்தா இங்கதான் தண்ணி எறைச்சாருன்னு எதையாவது காட்டணும்டா’’ என்றான்.

விடுமுறையில் குழந்தைகளுடன் நீங்களும் ஒருமுறை போய்வாருங்கள். பூண்டியில் அரசு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. கோடரிகளை அங்கே முதலில் பார்த்துவிட்டால், காலடியில் கிடப்பது என்னவென்று புரியும். உள்ளூர்க்காரர் ஒருவர் துணை நல்லது. தண்ணீர் எடுத்துப் போங்கள். தேன்கூடு இருக்கிறது, சத்தம் வேண்டாம். கல்லை மட்டும் கொண்டுவராதீர்கள்.